ஜூலியோவுக்கு எறியாமல் இருக்கக் கற்றுக்கொண்ட வருடம்

2015 சீசனில் அமெரிக்க ஃபுட்பால் அணியான அட்லாண்டா ஃபால்கன்ஸ், தன் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்) ஜூலியோ ஜோன்ஸை நோக்கி எறிந்த பந்துகள் 203. அதில் 136-ஐப் பிடித்தார், 1871 யார்டு. அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் ஒரு ரிசீவருக்கு இதைவிடப் பெரிய வருடம் அமைவது அபூர்வம். ஆனால் அந்த வருடம் அணி எடுத்த மொத்தப் புள்ளிகள் 339 தான். 8 வெற்றி, 8 தோல்வி, சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப் பக்கமே போகவில்லை.

அடுத்த வருடம் அதே ஜூலியோவுக்கு வந்த பந்துகள் 129. காயத்தால் இரண்டு ஆட்டங்கள் ஆடவில்லை, சரி, அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆட்டத்துக்குப் பதின்மூன்று என்று இருந்தது ஒன்பதாக இறங்கிவிட்டது. அணியின் புள்ளிகள்? 540. அந்த சீசனில் லீக்கிலேயே அதிகம்.

தாக்குதல் பயிற்சியாளர் இரண்டு வருடமும் ஒருவரேதான், கைல் ஷனஹன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் ஒருவரேதான், மேட் ரயன். முதல் வருடம் 21 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது), 16 இண்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) என்று திணறியவர், இரண்டாம் வருடம் 38 டச்டவுன், 7 இண்டர்செப்ஷன் என்று லீக்கின் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர் ஆனார். புதிய முறைக்கு ஆட்டக்காரர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த இரண்டு வருடக் கணக்கைத்தான். பொதுவாக இதை "முதல் வருடம் கற்றார், இரண்டாம் வருடம் கலக்கினார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த 203 என்ற எண்ணுக்கு அதில் பதில் இல்லை.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நான் பேசுவது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, கையால் எறியும் அமெரிக்க ஃபுட்பால். இதில் ஆட்டம் தொடர்ந்து ஓடாது. ஒவ்வொரு முறையும் பந்து வைக்கப்படும், பதினோரு பேரும் வரிசையில் நிற்பார்கள், ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு சிறு நாடகம் நான்கைந்து விநாடி நடக்கும், முடியும். சாதாரணமாக ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. எந்த நாடகம் என்பதைப் பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் சொல்வார், கடிகாரத்தில் 15 விநாடி பாக்கி இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குள் கேட்டு, வட்டமாகக் கூடி நிற்கும் ஹடிலில் மற்ற பத்துப் பேருக்கும் ஒப்பித்து, வரிசைக்கு வந்து, எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் மாற்றி, பந்தை வாங்க வேண்டும். இதையெல்லாம் ஒருவர் வேற்று மொழியில் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரயனுக்கு 2015-ல் நடந்தது அதுதான்.

வேறு பாஷை

ரயன் 2008-ல், புதியவர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டு வந்தவர். தாக்குதல் பயிற்சியாளர் மைக் முலார்க்கியிடம் நான்கு வருடம், பிறகு டர்க் கோட்டரிடம் மூன்று வருடம். ஹடில் போடாமல், ஷாட்கன்னில் பின்தள்ளி நின்றுகொண்டு, எதிரணியை முழுசாகப் பார்த்தபடியே கை காட்டி ஆடுவது அவருக்குப் பிடித்த விஷயம், நன்றாக வரும் விஷயமும்கூட. 2014-ல் அணி 6-10 என்று சறுக்கியதும் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஸ்மித்தை நீக்கினார்கள். சியாட்டிலிலிருந்து டான் குவின் வந்தார், தாக்குதலை ஷனஹனிடம் கொடுத்தார்.

ஷனஹனுடையது பரம்பரைச் சரக்கு. அப்பா மைக் ஷனஹன் அதே வகை ஆட்டத்தை வைத்து டென்வரில் அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) ஜெயித்தவர். அடிப்படை ஒரே ஒரு ஓட்டம், அவுட்சைட் ஜோன். முன்வரிசை ஐந்து பேரும் ஒரே திசையில் ஒரே சமயத்தில் காலை எடுத்து வைப்பார்கள், பின்னால் ஓடுபவர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இடைவெளி எங்கே திறக்கிறது என்று பார்த்து, ஒரே வெட்டு வெட்டி மேலே ஏறுவார். இதே அசைவை அச்சு அசலாக நடித்துக் காட்டி, பந்தைக் கொடுக்காமல் இழுத்துக்கொண்டு எறிவது பிளே ஆக்‌ஷன். எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் ஓட்டத்தை நம்பி இரண்டடி முன்னே வந்துவிட்டால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி நிறுத்தும் அளவுக்கு இடம் கிடைக்கும். இரண்டும் ஒன்றுபோலவே தெரிய வேண்டும், அதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

ஆட்டத்தின் பெயர்களும் இந்த வழியில் நீளமானவை. யார் எங்கே நிற்பது, யார் இடம் மாறுவது, பாதுகாப்பு எப்படி, ஒவ்வொருவர் ஓடும் பாதை, எத்தனையாவது சத்தத்தில் பந்து என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். வெஸ்ட் கோஸ்ட் என்ற தாக்குதல் பாணியில் பிரபலமான ஒரு ஆட்டத்தின் பெயர் "ஸ்பைடர் 2 வொய் பனானா", அதுவே சின்னப் பெயர் என்றால் பெரியதை நினைத்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு சில சமயம் ஹடிலில் இரண்டு ஆட்டம் சொல்ல வேண்டும், வரிசைக்கு வந்து எதிரணியைப் பார்த்த பிறகு முதலாவதை "கில்" என்று கத்தி அடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்வது கஷ்டம்தான், ஆனால் ரயன் மாதிரி ஆளுக்கு அது சில மாத வேலை. அந்த மனுஷர் படிப்பாளி. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்களே, இதில் நாப்பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். வராமல் இழுத்தடிப்பது கால்.

கால் பழகாத வருடம்

முன்வரிசை நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் முதுகை ஒட்டி ரயன் நிற்கிறார். பந்தை வாங்குகிறார். எதிரணிக்கு முழு முதுகையும் காட்டித் திரும்பி, பக்கவாட்டில் ஓடிவரும் ஓட்டக்காரர் டெவான்டா ஃப்ரீமனின் வயிற்றுக்கு நேரே பந்தை நீட்டுகிறார், கொடுப்பது போலக் கொடுத்து இழுத்துக்கொள்கிறார், இன்னும் இரண்டு மூன்று எட்டு (காலடி) பின்னால் போய்த் தலையைத் திருப்புகிறார். இந்த நேரம் முழுக்க அவருக்கு மைதானம் தெரியாது. திரும்பும்போது முன்பு பார்த்த படம் மாறியிருக்கும், பாதுகாப்பாளர் ஒருவர் இடம் பெயர்ந்திருப்பார், பெருந்தடியன் ஒருவன் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருப்பான். அந்த இடத்தில் "ரிசீவர் எங்கே" என்று தேட நேரம் கிடையாது. பின்கால் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில் பந்து கையை விட்டுப் போக வேண்டும், ரிசீவரும் தன் இத்தனையாவது எட்டில் அங்கே திரும்பியிருக்க வேண்டும். எட்டுக் கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் பந்து எதிரணிக்காரன் நெஞ்சில்தான் போய் விழும்.

ஏழு வருடம் எதிரணியை வைத்த கண் வாங்காமல் பார்த்து ஆடிய ஒருவரைத் திடீரென்று "முதுகைக் காட்டு, நம்பு" என்றால் என்ன ஆகும்? பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையிலிருந்து தமிழ்99-க்கு மாறியவர்களைக் கேளுங்கள். நிதானமாக அடிக்கும்போது எல்லாம் சரியாக வரும். அவசரமாக ஒரு கடிதம் அடிக்கும்போது விரல் தன்னால் பழைய இடத்துக்குப் போய்விடும், திரையில் ஏதோ கண்றாவி வந்து நிற்கும்.

ரயனுக்கு அந்தப் பழைய விசை ஜூலியோ. வாசிக்கத் தெரியவில்லையா, நேரம் ஓடிவிட்டதா, ஜூலியோ பக்கம் எறி. இரண்டு பேர் மறித்தாலும் பிடிக்கக்கூடிய ஆள், தப்பே சொல்ல முடியாது. எனக்கு அந்த 203 இதைத்தான் சொல்கிறது. பதறும்போது தாய்மொழி வாயில் வருவது போல, புதிய முறையில் வழி தெரியாதபோதெல்லாம் ரயன் பழைய முறையில் பேசியிருக்கிறார். புள்ளிவிவரத்தில் அது ஜூலியோவின் சாதனை வருடமாகப் பதிவாகியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் அந்த சீசன் 5-0 என்று தொடங்கியது. டல்லாஸ், ஹூஸ்டன் இரண்டு ஆட்டத்திலும் ஃப்ரீமன் மும்மூன்று டச்டவுன் ஓடினார். எல்லோரும் "முறை செட் ஆகிவிட்டது" என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், ராத்திரி கண் விழித்துப் பார்த்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்றுகூட ஒரு சந்தோஷம். ஆனால் செட் ஆகியிருந்தது ஓட்டம் மட்டும். ஓட்டத்தில் முடிவெடுப்பது அநேகமாக ஒரே ஆள், ஒரே வெட்டு, அது சீக்கிரம் பிடிபடும். எறிதலில் ஐந்தாறு பேர் பாதுகாக்க, நான்கைந்து பேர் எட்டுக் கணக்கில் ஓட, எறிபவர் கால் அதோடு ஒத்துப்போக வேண்டும். எதிரணிகள் சில வாரப் படங்களைப் பார்த்து ஓட்டத்துக்கு மருந்து கண்டுபிடித்ததும் மீதி வண்டவாளம் தண்டவாளம் ஏறியது.

6-1 என்று இருந்தவர்கள் வரிசையாக ஆறு தோல்வி. சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 17-16. அதில் மூன்று நிமிடம்கூடப் பாக்கி இல்லாத நேரத்தில், கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு இருக்கும்போது, நான்கு புள்ளி பின்தங்கிய நிலையில் டச்டவுனுக்கு முயலாமல் மூன்று புள்ளி உதைக்க அனுப்பினார் குவின். தன் தாக்குதல் மேல் தலைமைப் பயிற்சியாளருக்கே எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதற்கு அதுபோதும். அடுத்து இண்டியானாபொலிஸ். ரயன் மூன்று இண்டர்செப்ஷன், அதில் ஒன்றைத் தன் கோட்டுக்குப் பக்கத்திலேயே லைன்பேக்கர் டி'க்வெல் ஜாக்சன் கையில் கொடுக்க, அவர் அப்படியே உள்ளே நடந்துபோய் டச்டவுன். 24-21 தோல்வி. டிசம்பரில் கரோலினா 38-0 என்று துவைத்துக் காயப்போட்டது. இரண்டே வாரத்தில் அதே கரோலினாவை 20-13 என்று அட்லாண்டா தோற்கடித்தது, அந்த ரெகுலர் சீசனில் கரோலினாவுக்கு அது ஒன்றுதான் தோல்வி. ஆகவே ஆட்கள் மட்டமில்லை. ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை. பழக்கம் பாதியில் நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

இதில் பழகவே முடியாமல் போனவரும் உண்டு. ராடி வைட், 2005 முதல் அட்லாண்டாவிலேயே ஆடி அணியின் சாதனைப் பட்டியலில் உச்சத்தில் இருந்தவர். 2015-ல் 43 கேட்ச், 506 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். அடுத்த மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. வயது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாலேயே பேசிக்கொள்ளும் அளவுக்கு ரயனோடு ஏழு வருடம் சேர்த்து வைத்த பழக்கம் புதிய முறையில் செல்லாத நோட்டாகிவிட்டது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று சிலர் அவரைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சில சமயம் மேடையை நிஜமாகவே திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

பாஷை தெரிந்த ஆட்கள்

2016-க்கு முன் நடந்தவற்றில் எல்லோரும் சொல்வது ரயனின் உழைப்பு. அது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் பெரிய மாற்றம் சென்டர் அலெக்ஸ் மேக்.

மேக் கிளீவ்லாந்திலிருந்து வந்தவர். 2014-ல் அங்கே ஷனஹனிடம் ஆடியிருக்கிறார், கால் முறியும்வரை. அதாவது இந்தப் பாஷை பேசத் தெரிந்து வந்தவர். சென்டரின் வேலை பந்தைக் கொடுப்பது மட்டுமில்லை, எதிரணி நிற்பதைப் பார்த்து முன்வரிசையில் யார் யாரைத் தடுப்பது என்று கத்திச் சொல்வதும் அவர்தான். அந்த வேலையை நம்பி ஒப்படைக்க ஆள் கிடைத்ததும் ரயன் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அவுட்சைட் ஜோனும் மேக் மாதிரி ஓடத் தெரிந்த சென்டர் இருந்தால்தான் முழுசாக விரியும். அந்த முன்வரிசை ஐந்து பேரும், மேத்யூஸ், லெவிட்ரே, மேக், செஸ்டர், ஷ்ரேடர், பதினாறு ஆட்டத்திலும் சேர்ந்தே தொடங்கினார்கள். இது அதிர்ஷ்டம். இதைச் சொல்லாமல் 2016-ஐப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. ஐந்து பேரில் இருவருக்குக் காயம் பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

டெய்லர் கேப்ரியலும் கிளீவ்லாந்து ஆள்தான், அவரும் ஷனஹனிடம் ஆடியவர். சீசன் தொடங்கும் நேரத்தில் கிளீவ்லாந்து கழற்றிவிட, அட்லாண்டா எடுத்துக்கொண்டது. குட்டையான ஆள், காற்று மாதிரி ஓடுவார். சின்சினாட்டியிலிருந்து மொகமது சனு வந்தார். முதல் வருடம் ஷனஹன் எல்லோருக்கும் பாஷை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், இரண்டாம் வருடம் அவர் இல்லாமலேயே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது.

சீசன் தொடக்கம் என்னவோ சகுனத் தடை மாதிரிதான். முதல் ஆட்டம் சொந்த மைதானத்தில் டாம்பா பேயிடம் 31-24 தோல்வி, அங்கே புதிய தலைமைப் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, பழைய கோட்டர். அதற்கப்புறம்தான் வண்டி வேகம் எடுத்தது.

அக்டோபர் 2, கரோலினா. ரயன் 503 யார்டு, அதில் ஜூலியோ மட்டும் 300. ஸ்கோர் 48-33. தலைப்புச் செய்தி எல்லாம் இதுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த ஞாயிறு, டென்வரில். நடப்புச் சாம்பியன், லீக்கிலேயே பயங்கரமான பாதுகாப்பு. போன வாரம் 300 எடுத்தவரை அவர்கள் சும்மா விடுவார்களா? ஜூலியோவுக்கு அன்று கிடைத்தது இரண்டு கேட்ச், 29 யார்டு. ஒரு வருடம் முன்பு என்றால் அதோடு அட்லாண்டா கதை முடிந்திருக்கும், ரயன் அந்தப் பக்கமே எறிந்து எறிந்து மாட்டியிருப்பார். அன்று அவர் பார்த்தது டெவின் கோல்மனை. ஓட்டக்காரரான கோல்மனை ரிசீவர் போல ஓடவிட்டால் அவரை மறிக்க டென்வர் ஒரு லைன்பேக்கரைத்தான் அனுப்ப முடிந்தது, அந்த உடம்பை வைத்துக்கொண்டு கோல்மனோடு ஓட முடியாது. நான்கு கேட்ச், 132 யார்டு, ஒரு டச்டவுன். அட்லாண்டா 23-16.

அந்த ஆட்டத்தில் ரயனின் கண்ணைக் கவனித்தால் தெரியும், தேடவே இல்லை. கால் நின்ற இடத்தில் பந்து கிளம்புகிறது. எதிரணி எதை விட்டுக்கொடுக்கிறதோ அங்கே. யார் பெயர் என்ற கேள்வியே இல்லை.

டிசம்பரில் ஜூலியோ கால்விரல் காயத்தில் உட்கார்ந்த இரண்டு வாரத்தில் அணி எடுத்த புள்ளிகள் 42, 41. முதலாவதில் பாதுகாப்பு ஆட்டக்காரர்கள் போட்ட டச்டவுன்களும் சேர்த்தி, சரி. இரண்டாவதில் ஃப்ரீமன் மட்டும் மூன்று போட்டார். சீசன் முடிவில் ரயனிடம் டச்டவுன் பந்து வாங்கியவர்கள் பதின்மூன்று பேர், அதுவரை லீக்கில் எந்தக் குவார்ட்டர்பேக்கும் ஒரே சீசனில் அத்தனை பேருக்குக் கொடுத்ததில்லை. ஜூலியோ பிடித்த டச்டவுன் ஆறு. அதற்காக அவர் சுருங்கிவிடவில்லை, பதினான்கு ஆட்டத்தில் 1409 யார்டு எடுத்தார், ஒவ்வொரு பந்துக்கும் கிடைத்த யார்டு முந்தைய வருடத்தைவிட அதிகம். கட்டாயத்துக்கு எறிவது நின்று, திறந்திருக்கும்போது எறிவது தொடங்கியதும் அவருக்கும் லாபம்தான்.

சூப்பர் பவுலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 28-3 என்று முன்னிலை, கடைசியில் 34-28 தோல்வி, உலகத்துக்கே தெரியும். ஒன்று மட்டும். 28-20 இருக்கும்போது ஜூலியோ ஓரத்தில் ஒரு கேட்ச் பிடித்துப் பந்தை 22-ஆவது யார்டுக்குக் கொண்டுவந்தார், மூன்று தடவை பேசாமல் ஓடிவிட்டு மூன்று புள்ளி உதைத்திருந்தால் கோப்பை அட்லாண்டாவில் இருந்திருக்கும். ஷனஹன் எறியச் சொன்னார், ரயன் 12 யார்டு பின்னால் வீழ்த்தப்பட்டார், அடுத்து ஒரு பெனால்டி, கடைசியில் பந்தையே உதைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர்கள் முறைக்குப் பழகிவிட்டார்கள், முறையின் சொந்தக்காரருக்கு அதைக் கொஞ்ச நேரம் மூட்டை கட்டி வைக்கத் தெரியவில்லை.

இது ரயனுக்கு மட்டுமா

2015, 2016-ல் அட்லாண்டாவில் குவார்ட்டர்பேக் பயிற்சியாளராக இருந்தவர் மேட் லாஃப்ளூர். 2019-ல் கிரீன் பே தலைமைப் பயிற்சியாளரானார், இதே குடும்பத்து ஆட்டத்தை ஆரன் ராட்ஜர்ஸிடம் கொடுத்தார். முதல் வருடம் 26 டச்டவுன், 13-3 என்று ஜெயித்தாலும் ஏதோ உரசிக்கொண்டே இருந்தது. இரண்டாம் வருடம் 48 டச்டவுன், 5 இண்டர்செப்ஷன், எம்விபி.

உடனே இரண்டாம் வருடம் என்பதை ஜோசியம் ஆக்கிவிடக் கூடாது. டாம் பிரேடி 2020-ல் டாம்பா பேவுக்கு வந்து முதல் வருடமே கோப்பை வாங்கினார், அதுவும் கொரோனாவால் வசந்தகாலப் பயிற்சியே நடக்காத வருடத்தில். ஆனால் அந்த அணியும் 7-5 என்று தள்ளாடி, ஒரு வாரம் ஓய்வு கிடைத்து, அதற்கப்புறம்தான் ஒரு தோல்விகூட இல்லாமல் எட்டு ஆட்டம் ஜெயித்தது. பழகும் காலம் அங்கேயும் இருந்தது, சுருக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ரயனிடமே திரும்புவோம். சூப்பர் பவுல் முடிந்த மறுநாள் ஷனஹன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். ஸ்டீவ் சார்க்கிசியன் வந்தார், பாஷையைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். அப்படியிருந்தும் 2017-ல் ரயன் 20 டச்டவுன், 12 இண்டர்செப்ஷன், அணியின் புள்ளிகள் 353. பெயர்கள் அதேதான், எதற்குப் பின் எது வரும் என்ற தாளம் வேறு. 2018-ல், அவரோடு இரண்டாம் வருடத்தில், 35 டச்டவுன், 7 இண்டர்செப்ஷன். அணி 7-9 என்று முடித்ததால் சார்க்கிசியனை அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குப் பதிலாக 2019-ல் கொண்டுவந்தது யாரை என்கிறீர்கள்? கோட்டரை. 2012-லும் 2014-லும் கோட்டரிடம் ரயன் எறிந்த இண்டர்செப்ஷன் வருடத்துக்கு 14. ஐந்து வருடம் கழித்து, இடையில் ஒரு எம்விபியும் வாங்கிவிட்டு, பழைய வாத்தியாரிடம் திரும்பி வந்த அந்த சீசனிலும் சரியாக 14.